ஃபயர்வால் லாத்தா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லாத்தா என்னை ஸ்டேப்ளரால் அடித்தாள். பக்கத்தில் வந்து அடிக்கவில்லை, நாலு மேசை தள்ளியிருந்து எறிந்தாள். இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல். நான் செய்த குற்றம் என்ன என்கிறீர்களா? "ஃபயர்வால்ல எல்லாத்தையும் ஒரு மணி நேரம் திறந்து விடுங்களேன். டேட்டாபேஸ் கனெக்ட் ஆகுதான்னு பாத்துட்டு மூடிடலாம்" என்று கேட்டேன். இவ்வளவுதான் கேட்டேன்.

"ஏலே, உன் வீட்டு வாசலை ஒரு மணி நேரம் திறந்து போட்டுட்டு, எவன் எவன் உள்ள வாரான்னு பாத்துட்டு மூடுவியா? கூறுகெட்ட மூதி" என்று கத்தினாள். ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவளே காரை எடுத்து எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனாள். போகிற வழியெல்லாம் திட்டினாள், திட்டிக்கொண்டே ஒரு கையால் என் புருவத்தில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பழக்கம்.

அவளுக்குப் பெயர் உண்டு. ஆபீஸில் யாரும் சொன்னதில்லை. மேலப்பாளையத்துக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்களாம். தமிழ் தெரிந்த நாங்கள் மூன்று பேர் அப்படிக் கூப்பிட, குஜராத்தி முதலாளியும் லாத்தா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எடிசனில் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் பன்னிரண்டு பேர். பெரிய கம்பெனியாக இருந்திருந்தால் ஸ்டேப்ளர் பறந்த அன்றே அவள் கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து வெளியே அனுப்பியிருப்பார்கள். இங்கே முடியாது. ஃபயர்வாலில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முதலாளியே ஒரு முறை டெலிபோன் ரிசீவரால் முதுகில் வாங்கியவர்தான். வாங்கிவிட்டு, 'லாத்தா இஸ் வெரி பேஷனேட்' என்று சொல்லித் திரிந்தார்.

அவள் அடித்த அடியெல்லாம் நியாயமான அடி என்று சொல்ல மாட்டேன். காப்பியர் ரிப்பேர் பண்ண வந்த ஒரு கிழவர், தெரியாமல் சர்வர் அறைக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினார். லாத்தா உள்ளேயிருந்து கதவை ஓங்கிச் சாத்தினாள். நடுவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது. அந்த மனிதர் வலியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மறுநாள் அவருக்கு ஒரு டப்பா பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டாளா என்றால் இல்லை. "தட்டிட்டு வரணும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாளாம்.

மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அவளுக்குப் பொய்ப்பல். கோபம் தலைக்கேறினால் அவை ஆடும். அதனால் சண்டைக்குப் போகுமுன் கழற்றிவிடுவாள். இதை நான் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு சனிக்கிழமை கண்ணால் பார்த்தேன். காய்கறிக் கடை பார்க்கிங்கில் ஒருவன் தன் மனைவியின் கையைக் காருக்குப் பின்னால் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. அந்தப் பெண் சிரித்த முகமாகவே நின்றிருந்தாள், கண்ணில் மட்டும் தண்ணீர். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி டிக்கியைத் திறந்தேன். நாலு பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். லாத்தா பல்லைக் கழற்றி டிஷ்யூவில் சுருட்டி, "இதைப் பிடிலே" என்று என்னிடம் கொடுத்தாள். அவள் கையில் இருந்த பையில் மூன்று தேங்காய். பையை ஒரு சுற்றுச் சுற்றி அவன் தோளில் இறக்கினாள். அவன் தள்ளுவண்டிகள் மேல் போய் விழுந்தான்.

போலீஸ் வந்தது. "பை கை வழுக்கிருச்சு ஆபீசர்" என்று லாத்தா பல்லில்லாத வாயால் இங்கிலீஷில் சொன்னாள். போலீஸ்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "யெஸ் ஆபீசர், வழுக்கிடுச்சு. நான் பாத்தேன்" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டைப் பையில் லாத்தாவின் பல்லோடு நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது, அந்தப் பற்கள் எப்படிப் போயின என்று கேட்டேன். "ரொம்ப மரியாதையாப் பேசுத ஒருத்தனைக் கெட்டினேன். போச்சு" என்றாள். தன்னைப் பற்றி அவள் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள். மான்மவுத் ஜங்ஷனில் வீடு என்று தெரியும். மூன்று வருடப் பழக்கத்தில் இரண்டு முறை வாசல் வரை போயிருக்கிறேன், உள்ளே வா என்று சொன்னதில்லை. அவள் வீட்டில் அவ்வப்போது வேறு வேறு பெண்கள் வந்து தங்குகிறார்கள் என்று மசூதிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கேட்டால், "சொந்தக்காரங்க" என்பாள். இவளுக்கு இத்தனை சொந்தமா என்று நான் யோசிக்கவும் இல்லை.

ரமலான் மாதத்தில் மட்டும் அவள் வாய் மூடியிருக்கும். நோன்பு வைத்துக்கொண்டு யாரையும் திட்டக் கூடாதாம். திட்டாததால் சாமான்கள் அதிகம் உடையும். இரண்டாயிரத்து மூன்றில் அந்த மாதம், கொஞ்சம் முன்னால் தொடங்கிய டெக்ஸாஸ் வேலையும் சேர்ந்துகொண்டது. இரண்டு கீபோர்டு, ஒரு காபிக் குடுவை, என் மேசையில் இருந்த பிள்ளையார் என்று கணக்கில்லாமல் போயிற்று. பிள்ளையாருக்கு மட்டும் மறுநாள் புதிது வாங்கி வைத்தாள்.

டெக்ஸாஸ் வேலை என்பது இதுதான். ஆலன் என்ற ஊரில் எங்களுடைய ஒரு கிளையண்ட். அவர்கள் அங்கேயிருந்து எங்கள் டேட்டாபேஸோடு இணைய வேண்டும். எங்கள் ஆபீஸுக்கு வெளியுலகத்துக்கென்று இன்டர்நெட்டில் ஒரு நம்பர். உள்ளே ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு நம்பர். வெளியே இருந்து வருகிறவனுக்கு உள் நம்பர் தெரியாது, தெரியவும் கூடாது. ஃபயர்வால் நடுவில் நின்று ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்கும். ஆலன்காரர் கூப்பிட்டால் ஃபயர்வால் உள்ளே விடும், டேட்டாபேஸும் பதில் சொல்லும், ஒரு நிமிஷத்தில் எல்லாம் செத்துவிடும். நான் ஃபயர்வாலைக் குற்றம் சொன்னேன். லாத்தா என் டேட்டாபேஸைக் குற்றம் சொன்னாள்.

"உன் டேட்டாபேஸு கூப்பிட்டவன்ட்ட, 'இங்க பேசாத, உள்ள இன்ன நம்பருக்கு வா'ன்னு சொல்லுது. வெளிய நிக்கவன் அந்த நம்பரை வச்சு என்ன செய்வான்? நாக்கு வழிப்பானா? வாசல்லயே நின்னு பேசச் சொல்லு அதை" என்றாள். இது நோன்புக்கு முன்னால். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரு பொம்பளை சொல்லி நான் கேட்பதா என்ற வீம்பு எனக்கு. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தேன்.

ஆலனில் இந்த இணைப்பு வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழர். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார், ஸ்பீக்கரில்தான் பேசுவார். அப்படி ஒரு பதவிசு. "சார், ஒரு சின்ன ரெக்வெஸ்ட்", "சார், உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். லாத்தா போன் காலில் வந்தால் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். "கதவைத் தட்டிட்டு நில்லுவே! நீ கேட்டதும் திறக்க நான் என்ன உன் பொண்டாட்டியா?" என்று ஒரு நாள் கத்தி, போனை வைத்தாள். அவர் கோபப்படவே இல்லை. மெதுவாகச் சிரித்து, "ராட்சசி சார் உங்க லாத்தா. வீட்ல எப்படி சமாளிக்கிறாங்களோ" என்றார். நானும் சிரித்தேன். அதன் பிறகு லாத்தா போனை வைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் அவளை வைத்துச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஊரில் எனக்குச் சிரித்துப் பேச ஆள் ஏது?

நோன்பு தொடங்கியதும் லாத்தா போன் காலுக்கு வருவதை நிறுத்தினாள். "அவன்ட்ட நான் பேச மாட்டேன். நீயே பேசு. எதுவும் என்ட்ட கேட்டுட்டு அனுப்பு" என்றாள். மத்தியானம் தவறாமல் வீட்டுக்கு ஓடினாள். தொழுகைக்கு என்று நினைத்தேன். முகம் வேறு கறுத்துப் போயிருந்தது. பசி என்று நினைத்தேன். நான் நினைத்ததெல்லாம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

பெருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் லீவு. அன்றைக்கென்று பார்த்து ஆலன்காரர் கூப்பிட்டார். "சார், திங்கக்கிழமை எங்க மேனேஜர் என் கழுத்தை அறுத்துடுவார். உங்க ஃபயர்வால் லாக் கொஞ்சம் அனுப்பினீங்கன்னா ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாத்துடலாம். நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன சார்" என்றார். எங்கள் கதவை யார் யார், எந்த நம்பரிலிருந்து, எப்போது தட்டினார்கள் என்ற பட்டியல் அது. வெளியே போகக் கூடாது என்பது லாத்தாவின் கட்டளை. ஆனால் மனிதர் எத்தனை தன்மையாகக் கேட்கிறார்! எடுத்தேன். எடுத்ததோடு நின்றேனா? வெறும் நம்பராக இருக்கிறதே, பாவம், அவருக்கு எப்படிப் புரியும் என்று ஒவ்வொரு நம்பருக்கும் நேரே ஆள் பெயர் எழுதினேன். இது உங்கள் ஆபீஸ், இது உங்கள் வீடு, இது என் வீடு, இது லாத்தாவின் வீடு, அவள் ராத்திரி செக் பண்ணுவாள், இதை விட்டுவிடுங்கள். அழகாக வரிசைப்படுத்தி அனுப்பினேன். எதையும் நறுவிசாகச் செய்வேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

நாலு மணிக்குக் கனெக்ஷன் அறுபடாமல் நிலைத்தது. லாத்தா சொன்ன அதே மாற்றத்தைத்தான் டேட்டாபேஸில் செய்தேன், வாசலிலேயே பேசு என்று. குதிக்காத குறைதான். அவரும் அந்தப் பக்கம் கைதட்டினார். அப்புறம், "சார், உங்க லாத்தாவுக்கு ரொம்ப ட்ரபிள் குடுத்துட்டேன். பெருநாள் வேற வருது. ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பலாம்னு. வீட்டு அட்ரஸ் குடுப்பீங்களா? சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றார். இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு நெகிழ்ந்துவிட்டது. கதவு நம்பர், தெரு, ஸிப் கோடு எல்லாம் சொன்னேன். அவர் ஒரு தடவை திருப்பிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு லாத்தா வந்ததும் வராததுமாக, "முடிச்சுட்டேன் லாத்தா! டெக்ஸாஸ் கனெக்ட் ஆயிடுச்சு" என்றேன்.

"எப்படி?"

"லாக் அனுப்பினேன், ஒப்பிட்டுப் பாத்தோம்."

"எந்த லாகு?"

"ஃபயர்வால் லாக்தான். கோவப்படாதீங்க. எந்த நம்பர் யாருதுன்னு நீட்டா எழுதித்தான் அனுப்பினேன். உங்க வீட்டு நம்பருக்கு நேரே உங்க பேரு. அவர் உங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ்கூட..."

முடிக்கவில்லை. கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. ஸ்டேப்ளர் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, காது ரீங்காரமிட்டது. அடுத்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "வீட்டு விலாசம் கேட்டானா?" என்றாள். "ஆமா" என்றேன். "குடுத்துட்டியா?" "மரியாதையா கேட்டார் லாத்தா..." அவள் முகத்தில் ரத்தம் இல்லை. என்னை அப்படியே படியில் இழுத்துக்கொண்டு போய்க் காருக்குள் தள்ளினாள்.

ரூட் ஒன்னில் தொண்ணூறு மைல் வேகத்தில் போனபடி சொன்னாள். நான் அவள் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவன் பொண்டாட்டி எங்க வீட்ல இருக்காலே. ஒரு மாசமா. அவன் வீட்ல ஸ்பீக்கர்ல பேசும்போது நான் அவனைத் திட்டுனதைக் கேட்டிருக்கா. அவனை ஒரு மனுஷி திட்டி அவ அதுவரைக்கும் கேட்டதே இல்லையாம். மீட்டிங் மெயில்ல இருந்த என் போன் நம்பரைக் கையில எழுதி வச்சிருந்து கூப்பிட்டா. பாஸ்போர்ட்டு அவன்ட்ட. ரெண்டு நாள் பஸ்லயே வந்து சேர்ந்தா. முதுகைப் பாத்தேன், அயர்ன் பாக்ஸ் அச்சு அப்படியே இருக்கு."

நான் மறுபடியும் அவள் வீட்டு போன் நம்பரை அழுத்தினேன்.

"போன வாரம் நான் இங்க இருக்கும்போது, பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் கேட்டு அவனுக்கு ஒரு மெயில் அனுப்பிட்டா. எங்க இருக்கான்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. ஆனா மெயிலோட எங்க வீட்டு இன்டர்நெட்டு நம்பர் ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும்லா. வீட்டுக்குள்ள எத்தனை மெஷின் இருந்தாலும் வெளிய ஒரே நம்பர்தானே. சரி, அந்த நம்பர் நியூஜெர்சின்னுதான் சொல்லும், ஜெர்சியில எத்தனை லட்சம் வீடு, எங்கன்னு தேடுவான்னு இருந்தேன்."

லாக் பட்டியலில் அதே நம்பருக்கு நேரே லாத்தாவின் பெயரை எழுதிக் கொடுத்தவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் லாத்தா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனா?"

"யாருட்டயும் சொன்னதில்லலே. பதினோரு புள்ளைக வந்து போயிருக்கு, ஒருத்தன்ட்டயும் சொன்னதில்ல" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அழுதபடியே சிவப்பு விளக்கைத் தாண்டினாள்.

வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சமையலறைப் பக்கமிருந்து மாவு மூட்டையைத் தரையில் போடுவது மாதிரி தொம் தொம்மென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. லாத்தா பனி அள்ளுவதற்காகச் சுவரில் சாத்தி வைத்திருந்த மண்வெட்டியால் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்தாள். உடைந்த கண்ணாடி மேலேயே நடந்து உள்ளே போனாள்.

அவன் முழுக்கைச் சட்டையை இன் பண்ணியிருந்தான். ஒரு கையில் அந்தப் பெண்ணின் முடியைச் சுற்றிப் பிடித்து, தலையை அடுப்பு மேடை ஓரத்தில் மோதிக்கொண்டிருந்தான், நிதானமாக, ஒவ்வொன்றாக. அவளிடமிருந்து அழுகைச் சத்தமே இல்லை. தரையில் ஸ்வீட் பாக்ஸ் திறந்து கிடந்தது, லட்டெல்லாம் மிதிபட்டு ரத்தத்தோடு அப்பியிருந்தது. கதவுத் துளையில் அந்தப் பெட்டியைக் காட்டித்தான் திறக்க வைத்திருக்கிறான். டெலிவரி என்று இங்கிலீஷில் சொன்னானாம்.

லாத்தா மண்வெட்டியை அவன் முழங்காலுக்குப் பின்னால் இறக்கினாள். மடிந்து விழுந்தான். அடுத்த அடி முடியைப் பிடித்திருந்த கைக்கு. எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த விறகு முறிகிற மாதிரிதான் இருக்கும், எனக்கு அதற்கு முன் தெரியாது. "மேடம், ப்ளீஸ். இது எங்க ஃபேமிலி மேட்டர்" என்றான் அவன். இத்தனை நாளாக நான் போனில் கேட்ட அதே குரல், கொஞ்சமும் ஏறவில்லை. பிறகு என்னைப் பார்த்தான். நான் யாரென்று எப்படியோ கண்டுகொண்டான்.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

அவன் வாயிலேயே உதைத்தேன். வாழ்நாளில் நான் ஒரு மனிதனை உதைத்தது அன்றைக்குத்தான். ஷூவோடு, எத்தனை தரம் என்று தெரியாது. அவன் பல் ஒன்று ஷூவில் பட்டுத் தெறித்தது தெரிந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. லாத்தாதான் என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "போதும்லே! செத்துருவான். அவன் செத்தா நீதான் உள்ள போவ. போனைப் போடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றாள். அவளுக்கு எந்த அடி எதற்கு என்று தெரிந்திருந்தது. ஓட முடியாதபடி ஒன்று, பிடி விடும்படி ஒன்று, அதோடு சரி. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் இன்னும் நாலு உதைத்திருக்கலாமே என்றுதான் இருக்கிறது. அதை நினைத்து வெட்கமும் படுகிறேன்.

போலீஸ் அவனையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் விலங்கு போட்டது. அவன் உடைந்த வாயோடு, "இவர்தான் எனக்கு அட்ரஸ் கொடுத்தார், நான் அழைப்பின் பேரில் வந்தேன்" என்று ஆபீசரிடம் அழகான இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தான். அட்ரஸ் கொடுத்தது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளில் லாத்தாவையும் என்னையும் வெளியே விட்டார்கள். அவனை விடவில்லை. அந்தப் பெண்ணின் முதுகைப் போட்டோ எடுத்த பிறகு அவன் வக்கீலே அவனுக்காக ரொம்பப் பேசவில்லை என்றார்கள்.

மறுநாள் லாத்தா என் அபார்ட்மெண்ட் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். பெருநாள் முடிந்திருந்தது, அவள் புதுத்துணி உடுத்தவில்லை. "கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ செஞ்சதை நீயே அவகிட்ட உன் வாயால சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். திட்டவில்லை, எறியவில்லை. எதையாவது எடுத்து எறிந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அந்தப் பெண்ணுக்கு இடது தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் லாத்தா என்னைக் கட்டிலின் வலது பக்கம் நிற்க வைத்தாள். சின்னப் பெண், இருபத்திமூன்று, இருபத்திநாலு இருக்கும். முகம் ஊதிக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்தாள், யாரென்று தெரியவில்லை. அன்றைக்கு நாங்கள் உள்ளே போனபோது அவளுக்கு நினைவே இல்லை. லாத்தாவோடு வந்தவன் என்பதால் லேசாகச் சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

அவ்வளவுதான். அவள் உடம்பு மொத்தமும் சுவர் பக்கம் நகர்ந்தது. கையில் ஏற்றியிருந்த ஊசி இழுபட்டு, குழாயில் ரத்தம் ஏறியது. லாத்தா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதம்மா. நான் லாத்தா ஆபீஸ்ல..."

"தெரியுங்க" என்றாள். "உங்க குரல் தெரியுங்க. ஸ்பீக்கர்ல தெனமும் கேப்பனுங்க. பேச்சைக் கேட்டதுமே நம்ம ஈரோட்டுப் பக்கம்னு தெரிஞ்சுது. எங்கண்ணன் பேசற மாதிரியே இருந்துச்சுங்க. மொதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தனுங்க."

மூச்சு வாங்கினாள். லாத்தா தண்ணீரை உறிஞ்சக் கொடுத்தாள்.

"ஆனா லாத்தா போனை வெச்சதும் நீங்க ரெண்டு பேரும் அவங்களச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே. அதனால அவங்களுக்கே பண்ணிட்டனுங்க."

நான் லாத்தாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்ல வந்ததைச் சொன்னேன். லாக் அனுப்பியது, பெயர் எழுதியது, விலாசம் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. மன்னிச்சிரும்மா என்று சொல்ல வாயெடுத்தபோது, அவள் கேட்கிற வலது காதைத் தலையணையில் வைத்து அழுத்திப் படுத்துக்கொண்டாள்.